வீட்டு மொழி: ஆங்கிலம்

"எங்கள் பள்ளியில் அப்படிப்பட்ட பிள்ளைகள் யாரும் இல்லை, மேடம்" என்று பிரின்சிபால் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் அதைச் சொன்ன நேரத்தில் என் மகள் அதே கட்டடத்தில், அவருடைய அறைக்கு இரண்டு மாடி மேலே, ஒன்றாம் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள். ஆறு வயது. பள்ளி திறந்த நாளிலிருந்து வகுப்பில் அவள் ஒரு முழு வாக்கியம் பேசியதில்லை.

அப்படிப்பட்ட பிள்ளைகள் என்றால், வீட்டில் வேறு மொழி பேசி வளர்ந்து ஆங்கிலத்தைப் பள்ளிக்கு வந்துதான் கற்கத் தொடங்குகிறவர்கள். அவர்களுக்காக வாரத்தில் இரண்டு நாள், திங்களும் வியாழனும், ஒரு கவுன்சிலர் வந்துகொண்டிருந்தார். இந்தப் பருவத்துக்குப் பிறகு அவர் வரமாட்டார் என்று பள்ளியின் செயலியில் மூன்று வரி அறிவிப்பு வந்திருந்தது. ஏன் என்று கேட்கத்தான் போயிருந்தேன். ஆட்டோவில் வரும்போதே ஆங்கிலத்தில் நான்கு வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அவற்றில் இரண்டைக்கூட அவர் சொல்லவிடவில்லை. அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து, பிரித்து, என் பக்கமாகத் திருப்பி வைத்தார்.

அது என் மகளின் சேர்க்கை விண்ணப்பம். வீட்டில் பேசும் மொழி என்ற இடத்தில் பெரிய எழுத்துகளில் ஆங்கிலம் என்று இருந்தது.

"இது உங்கள் கையெழுத்துதானே?"

என் கையெழுத்துதான்.

அதை எழுதிய இடம் நன்றாக நினைவிருக்கிறது. பள்ளிக்கு அருகே ஒரு ஜெராக்ஸ் கடை. விண்ணப்பம் வாங்கிய தாய்மார்கள் எல்லோரும் அந்தக் கடைப் பலகைமேல் வைத்துத்தான் நிரப்பிக்கொண்டிருந்தோம். எனக்குப் பக்கத்தில் நின்றவள் காளிகாட்டிலிருந்து மெட்ரோவில் வந்திருந்த ஒரு வங்காளி. அப்போது அவளை எனக்குத் தெரியாது. நான் மொழி என்ற இடத்தில் தமிழ் என்று எழுதப் போனதைப் பார்த்து என் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

"பாகல் ஆயிட்டியா, பௌதி? பைத்தியமா ஒனக்கு? இங்கிலீஷ்னு போடு. ஷோபாய் தாய் லேக்கே. எல்லாரும் அதான் எழுதறாங்க."

இங்கே முன்பின் தெரியாத பெண்ணையும் பௌதி, அதாவது அண்ணி, என்றுதான் கூப்பிடுவார்கள். தன்னுடைய விண்ணப்பத்தைக் காட்டினாள். அதிலும் ஆங்கிலம். அதற்கு அடுத்த பெண்ணுடையதிலும் ஆங்கிலம். பிள்ளைக்கு ஆங்கிலம் வராது என்று தெரிந்தால் நேர்காணலுக்குக்கூடக் கூப்பிடமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினார்கள். கடைக்காரர் ஜெராக்ஸ் எடுத்தபடியே, "இந்தத் தெருவுல நெரப்பின ஃபார்ம பாத்தா கொல்கத்தாவுல எல்லாரும் வெள்ளக்காரங்கதான்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு எழுதினேன்.

திண்டுக்கல்லில் பன்னிரண்டாம் வகுப்புவரை தமிழில் படித்தவள் நான். கணவருக்கு சால்ட் லேக்கில் ஒரு பொதுத்துறை அலுவலகத்தில் வேலை. ஜாதவ்பூரில் வாடகை வீடு. வீட்டில் தமிழ். கீழ்வீட்டுப் பிள்ளைகளோடு விளையாடி என் மகளுக்கு வங்காளம் தண்ணீர் பட்ட பாடு. எனக்குக் கடையில் பேரம் பேசித் தருகிற அளவுக்கு வாயாடி. அந்த வாய் பள்ளி வாசலில் மூடிக்கொண்டது.

வகுப்பில் ஒரு விதி உண்டு. கழிவறைக்குப் போக வேண்டுமானால் எழுந்து நின்று ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக அனுமதி கேட்க வேண்டும். வங்காளத்தில் கேட்டால் உட்காரச் சொல்வார்கள். கையை மட்டும் தூக்கினால் "யூஸ் யுவர் வேர்ட்ஸ்" என்பார்கள். என் மகளுக்கு அந்த வாக்கியம் தெரியாமலில்லை. வீட்டில் குளிக்கும்போது வாளிக்குச் சொல்வாள், குழாய்க்குச் சொல்வாள், ஒரு தப்பும் இருக்காது. நாற்பது பிள்ளைகள் திரும்பிப் பார்க்க எழுந்து நின்று சொல்லத்தான் வரவில்லை. அதனால் அவள் கேட்கவே இல்லை. காலையிலிருந்து மதியம் வரை அடக்கிக்கொண்டாள். தண்ணீர் பாட்டில் போனபடியே திரும்பி வந்தது. வீட்டுக்கு வந்ததும் ஷூவைக்கூடக் கழற்றாமல் ஓடுவாள். விளையாட்டு அவசரம் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு தாய் அப்படி நினைக்கலாமா என்று இப்போது கேட்டுக்கொள்கிறேன்.

ஜூலையில் காய்ச்சல் வந்தது. சிறுநீர்த் தொற்று என்றார் டாக்டர். "ஸ்கூல்ல எத்தன தடவ பாத்ரூம் போவே?" என்று அவளிடம் வங்காளத்தில் கேட்டார். அவள் இல்லை என்று தலையை ஆட்டினாள். "ஒருதடவகூடவா போறதில்ல?" மறுபடியும் தலையாட்டினாள். டாக்டர் அவளைவிட்டு என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை வாங்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்தேன்.

வகுப்பு ஆசிரியையிடம் போய்ச் சொன்னேன். அவர் வருத்தப்பட்டார், உண்மையாகவே வருத்தப்பட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் விதியைத் தளர்த்த முடியாது, ஒரு பிள்ளைக்குத் தளர்த்தினால் யாரும் ஆங்கிலம் பேசமாட்டார்கள் என்றார். கூடவே ஒரு வீட்டுப்பாடத்தை எனக்குக் கொடுத்தார்: "இனிமேல் வீட்டில் ஆங்கிலம் மட்டும் பேசுங்கள்."

நான் சொன்னதைச் செய்கிறவள். அன்று மாலையே தொடங்கினேன். கணவரையும் பேசச் சொன்னேன். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, என்னிடம் இருந்த ஆங்கிலமெல்லாம் கட்டளைகள். சாப்பிடு, உட்கார், எழுது, சீக்கிரம், கூடாது. கொஞ்சுவதற்கு என்னிடம் ஆங்கிலம் இல்லை. அவள் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு வந்தாள், "வாட் ஹேப்பண்ட்?" என்று கேட்டேன். அழுகையை நிறுத்தி என்னை அப்படியே பார்த்தாள். யாரோ வீட்டுக்கு வந்திருக்கிற மாதிரி பார்த்தாள். மூன்று வாரத்தில் அவள் வீட்டிலும் பேசுவதை நிறுத்திவிட்டாள். பள்ளியில் பூட்டியிருந்த வாயை வீட்டிலும் நானே பூட்டினேன்.

அந்த நிலையில்தான் கவுன்சிலரிடம் அனுப்பினார்கள். சின்னப் பெண், என்னைவிட நான்கைந்து வயது இளையவராக இருப்பார். நூலகத்தை ஒட்டிய சிறிய அறை. முதல் நாள் என் மகள் மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொண்டாளாம். இவரும் புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மேசைக்கு அடியில் போயிருக்கிறார். அரை மணி நேரம் இரண்டு பேரும் அங்கேயே உட்கார்ந்து படம் வரைந்திருக்கிறார்கள். வெளியே வரும்போது, "ஹிஷு?" என்று இவர் கேட்க, அவள் தலையசைக்க, கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். பள்ளியில் அவள் கழிவறைக்குப் போனது அன்றைக்குத்தான் முதல் தடவை.

என்னைக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"நீங்க அவள எந்த பாஷையில திட்டுவீங்க?"

"தமிழ்ல."

"அப்ப தமிழ்லயே திட்டுங்க, பௌதி. தமிழ்லயே கொஞ்சுங்க. இங்கிலீஷ நாங்க பாத்துக்கறோம். வீட்ட அவகிட்டேருந்து எடுத்துக்காதீங்க."

அன்று வீட்டுக்கு வந்து, "அடியே கழுத, பாத்திரத்த ஏன்டி கட்டில்ல வச்ச?" என்று கத்தினேன். அவள் சிரித்தாள்.

கவுன்சிலர் வகுப்பு ஆசிரியையிடம் மன்றாடி, கையைத் தூக்கினால் போதும் என்று ஒத்துக்கொள்ள வைத்தார். ஆனால் அது அவர் வருகிற நாளில் மட்டும்தான் நடந்தது. அவரே இடைவேளைக்கு முன் வகுப்பு வாசலில் வந்து நிற்பார். மற்ற மூன்று நாளும் பழைய விதிதான். வாரத்தில் இரண்டு நாள் என் மகளின் தண்ணீர் பாட்டில் காலியாக வந்தது. அந்த இரண்டு நாளைத்தான் இப்போது பறிக்கிறார்கள்.

பிரின்சிபால் பொறுமையாகவே விளக்கினார். கவுன்சிலரின் சம்பளத்தைப் பள்ளி தரவில்லை, ஓர் அறக்கட்டளை தருகிறது. ஆங்கிலத்தைப் புதிதாகக் கற்கும் பிள்ளைகள் இருக்கிற பள்ளிகளுக்குத்தான் அந்த உதவி. இந்த வருடம் பட்டியல் கேட்டார்கள். அலுவலகம் விண்ணப்பங்களைப் பார்த்துப் பட்டியல் எடுத்தது. ஏறக்குறைய எல்லோருடைய வீட்டிலும் ஆங்கிலம்.

"பெற்றோரே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் என்ன செய்ய முடியும்?"

அவர் உட்கார்ந்திருந்த அறையின் ஜன்னலைத் திறந்தால் எதிர் நடைபாதை தெரியும். அங்கே தினமும் முப்பது தாய்மார்கள் செய்தித்தாளை விரித்து உட்கார்ந்திருப்போம். தூரத்திலிருந்து வருகிறவர்கள், வீட்டுக்குப் போய்த் திரும்புவதற்குள் பள்ளி விட்டுவிடும் என்று அங்கேயே காத்திருப்பவர்கள். வங்காளம், இந்தி, ஒடியா, என் தமிழ். ஜால்முரி தின்றுகொண்டே மாமியாரை வைவார்கள், பின்னுவார்கள், பிள்ளைக்கு விடுபட்ட பாடத்தை இன்னொரு பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுதுவார்கள். அந்த நடைபாதையில் ஒருநாள்கூட ஓர் ஆங்கில வாக்கியம் நான் கேட்டதில்லை. பிரின்சிபால் தினமும் காரில் எங்களைக் கடந்துதான் உள்ளே போகிறார். ஜன்னலைத் திறந்து கேட்டிருந்தாலே பட்டியல் கிடைத்திருக்கும். கோப்பில்தான் பார்த்தார்கள்.

நாங்கள் பொய் எழுதினோம். அது பொய் என்று அவர்களுக்கும் தெரியும். பொய் எழுதாவிட்டால் சேர்க்கமாட்டார்கள் என்ற பயத்தை வளர்த்து வைத்ததும் அவர்கள்தான். பிறகு அதே பொய்யை எடுத்து எங்கள் முன்னால் நீட்டி, உங்கள் கையெழுத்துதானே என்று கேட்கிறார்கள். அன்று அந்த அறையில் எனக்கு வந்த கோபத்தைப் போல் என் வாழ்க்கையில் வேறெப்போதும் வந்ததில்லை. ஆனாலும் "தேங்க் யூ, மேடம்" என்று சொல்லிவிட்டுத்தான் எழுந்து வந்தேன். பழக்கம்.

கீழே அலுவலகத்தில் எழுத்தரிடம் விண்ணப்பத்தைத் திருத்த முடியுமா என்று கேட்டேன். அவர் விண்ணப்பத்தின் கடைசி வரியை விரலால் தட்டிக் காட்டினார். தகவல் தவறென்று தெரிந்தால் சேர்க்கை ரத்தாகலாம் என்று இருந்தது.

"எழுதிக் குடுங்க, வாங்கிக்கறேன். எனக்கென்ன? அப்புறம் எங்கிட்ட வந்து அழக் கூடாது."

வீட்டில் கணவரிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்துவிட்டார்.

"ஏம்மா, இருக்கற வம்பு பத்தாதா? இந்த ஸீட்டு கெடைக்க நாம அலஞ்ச அலைச்சல் மறந்துபோச்சா?"

"மறக்கலைங்க."

"நாமதான பொய் எழுதுனோம்? நாமளே போய் மாட்டிக்குவோமா?"

"புள்ள அடக்கிக்கிட்டு ஒக்காந்திருக்காளே, அத யாரு பாக்குறது?"

"வளந்தா சரியாயிரும்."

அவர் கெட்டவர் இல்லை. பயந்தவர். நானும் பயந்தவள்தான். இரண்டு நாள் பேனாவை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன்.

மூன்றாம் நாள் நடைபாதையில் பேச்சை எடுத்தேன். எல்லோரும் சேர்ந்து எழுதிக் கொடுத்தால் எல்லோரையும் நீக்க முடியாது என்று எனக்குத் தெரிந்த வங்காளத்தில் சொன்னேன். பிறகு ஒரு பெண், பின்னலிலிருந்து தலையைத் தூக்காமல், நல்ல வங்காளத்தில் சொன்னாள்:

"எங்க வீட்ல இங்கிலீஷ்தாம்ப்பா பேசறோம்."

"ஆமாமா, ஒம் மாமியா கேட்டுச்சே நேத்து, கத்தரிக்கா என்ன வெலன்னு. இங்கிலீஷ்லதான கேட்டுச்சு?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

காளிகாட்டுக்காரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மகனும் கவுன்சிலரிடம் போகிறவன்தான். சட்டைக் கையை மென்று மென்று நூலாக்கிக்கொண்டு வருவான்.

"நீ எழுதலாம், பௌதி" என்றாள் அவள். "ஒம் புருஷனுக்கு எப்ப வேணா மாத்தலாகும். மூட்டையக் கட்டிட்டுப் போயிடுவே. நாங்க எங்க போறது?"

என் மணிக்கட்டைப் பிடித்தவள் நீதானே என்று கேட்க வாய் வரை வந்தது. கேட்கவில்லை. அன்று நான் தனியாகவே எழுதினேன். என் மகளின் வீட்டு மொழி தமிழ், விண்ணப்பத்தில் நான் எழுதியது பொய், பட்டியலில் அவளைச் சேர்க்க வேண்டும். மூன்று வாக்கியம். எழுத்தர் முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார்.

மறுநாளே பிரின்சிபால் கூப்பிட்டார். இந்த முறை தேநீர் வந்தது. இந்தக் கடிதம் கோப்பில் இருந்தால் எல்லா விண்ணப்பங்களையும் சரிபார்க்க வேண்டிவரும், பள்ளிக்குச் சங்கடம் என்றார். அதனால் கடிதத்தை நான் திரும்ப எடுத்துக்கொண்டால், என் மகளுக்கு மட்டும் தனி ஏற்பாடு செய்வதாகச் சொன்னார். அவள் கையைத் தூக்கினால் போதும், எந்த நாளிலும் ஆயா கூட்டிக்கொண்டு போவாள்.

எந்த நாளிலும். நான் கேட்க வந்ததைவிட அதிகம். அவரிடம் யோசித்துச் சொல்கிறேன் என்றேன். ஆனால் யோசிக்க என்ன இருந்தது? கணவர், "கடவுள் கண்ணத் தொறந்துட்டாரு, போய் வாங்கிட்டு வந்துரு" என்றார். நான் அவருக்காகப் போனேன் என்று எழுதினால் பொய்யாகிவிடும். எனக்காகவே போனேன். என் பிள்ளை பாட்டிலைக் காலி செய்தால் போதும், மற்றப் பிள்ளைகளை அவரவர் தாய் பார்த்துக்கொள்ளட்டும் என்றுதான் மறுநாள் காலை அந்த அலுவலகப் படியேறினேன்.

எழுத்தர் என்னைப் பார்த்ததும் முறைத்தார்.

"வாங்க, வாங்க. நீங்க ஆரம்பிச்சு வெச்ச வியாதி பரவுது."

மேசைமேல் இன்னொரு கடிதம் இருந்தது. கோடு போட்ட நோட்டிலிருந்து கிழித்த தாள். வீட்டு மொழி வங்காளம், நான் பொய் எழுதினேன், என் மகனைப் பட்டியலில் சேருங்கள். என்னுடைய மூன்று வாக்கியம்தான். கீழே காளிகாட்டு முகவரி. முந்தின நாள் மாலை எல்லோரும் போன பிறகு வந்து கொடுத்திருக்கிறாள்.

என் கடிதத்தை வாங்க நீட்டியிருந்த கையை என்ன செய்வதென்று தெரியவில்லை. எங்கே போவோம் என்று கேட்டவள், போக இடமில்லாதவள், எழுதிவிட்டாள். மூட்டை கட்டிக்கொண்டு போகக்கூடிய நான் வாபஸ் வாங்க நிற்கிறேன். என்னைத் தவிர வேறு யார்மேலும் அன்று எனக்குக் கோபமில்லை.

"என்ன வேணும்?" என்றார் எழுத்தர்.

"ரெண்டு லெட்டருக்கும் முத்திரை போட்ட நகல் வேணும்."

பிரின்சிபால் சொன்ன தனி ஏற்பாடு அதோடு போயிற்று. நானும் அவளும் அந்த நகல்களை எடுத்துக்கொண்டு சால்ட் லேக்கில் இருந்த அறக்கட்டளை அலுவலகத்துக்குப் பஸ்ஸில் போனோம். போவதற்குள் நடைபாதையிலிருந்து இன்னும் நான்கு பேர் கடிதம் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இங்கிலீஷ்தான் என்று சொன்னவளும் அதில் ஒருத்தி. அறக்கட்டளையில் ஒரு வயதான அதிகாரி எல்லாவற்றையும் வாங்கிப் படித்தார். "ஆறு பேர்தானா?" என்று கேட்டார். "எழுதினவங்க ஆறு பேர், சார்" என்றாள் காளிகாட்டுக்காரி.

மூன்று வாரம் கழித்து, ஒரு சனிக்கிழமை, பெற்றோர் கூட்டத்தில் பிரின்சிபால் முடிவை அறிவித்தார். கவுன்சிலர் தொடர்வார். வாரத்தில் ஒரு நாள், வியாழன் மட்டும். பிள்ளைகளின் நலனுக்காகப் பள்ளி எடுத்த பெருமுயற்சி இது என்றார். எங்கள் சேர்க்கைகளைப் பற்றி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வருட விண்ணப்பத்திலிருந்து வீட்டு மொழி என்ற கேள்வியையே எடுத்துவிட்டதாகவும், பெற்றோருக்கு வீண் குழப்பம் வேண்டாமென்று அப்படிச் செய்ததாகவும் சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் இரண்டு மூன்று தட்டு தட்டினேன். கை தானாகத் தட்டுகிறது, என்ன செய்ய?

பிறகு எழுந்து நின்று, "மற்ற நான்கு நாள், மேடம்?" என்று கேட்டேன்.

"அது பற்றிப் பிறகு பேசலாம்."

"எப்போது?"

காளிகாட்டுக்காரி கீழேயிருந்து என் முந்தானையை இழுத்தாள். "போஷோ, போஷோ. உக்காரு. ஒரு நாளாவது கெடச்சுதே."

எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள். கணவரும் சொன்னார். ஒரு நாளாவது கிடைத்ததே. ஆறு வயதுப் பிள்ளை வாரத்தில் ஒரு நாள் கழிவறைக்குப் போகலாம் என்பதற்கு நான் யாருக்கு நன்றி சொல்ல வேண்டும்?

திங்கட்கிழமை காலை மகளின் பையில் மாற்று உடுப்பும் ஒரு பிளாஸ்டிக் கவரும் வைத்தேன். பள்ளி வாசலில் குனிந்து அவளிடம் சொன்னேன்: "கையத் தூக்கு. விடலேன்னா அடக்காத. எடத்துலயே போயிரு. அம்மா தொவச்சுக்கறேன்."

"மிஸ் திட்டுவாங்கம்மா."

"திட்டட்டும். அம்மா இங்கதான் ஒக்காந்திருப்பேன்."

அவள் உள்ளே போனாள். பிள்ளையிடம் சொல்லக்கூடியதைத்தான் சொன்னேனா என்று அப்போதே சந்தேகம் வந்தது. மற்றப் பிள்ளைகள் சிரித்தால்? அவள் இன்னும் ஒடுங்கிப் போனால்? பாதித் தெருவிலிருந்து வாசலுக்குத் திரும்ப நடந்தேன். காவலாளி, "என்ன பௌதி, ஏதாவது மறந்துட்டாளா?" என்று கேட்டார். இல்லை என்று சொல்லிவிட்டு, தெருவைக் கடந்து, செய்தித்தாளை விரித்து உட்கார்ந்தேன்.